ஹரால்டு ஷிப்மன்: அத்தனை ஆண்டுகளாக அவனை யாரும் ஏன் நிறுத்தவில்லை?

பொன்வண்டு (இழையைத் தொடங்கியவர்)

தொடர்கொலைகாரர்களைப் பற்றிய இழைகளில் ஷிப்மனின் பெயர் போகிற போக்கில் வரும். "250 பேரைக் கொன்ற இங்கிலாந்து டாக்டர்" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடுவார்கள். அவன் யாரையும் இருட்டில் துரத்தவில்லை, போலீசுக்குச் சவால் கடிதம் எழுதவில்லை. அதனால் பேச ஒன்றுமில்லை என்று நினைக்கிறார்கள் போல. என் வரையில் இவனைவிடப் பயப்பட வேண்டிய ஆள் வேறு யாரும் இல்லை. அதனால்தான் இந்தத் தனி இழை.

முதலில் கதைச் சுருக்கம். பிறந்தது 1946இல், நாட்டிங்ஹாமில். லீட்ஸில் மருத்துவம் படித்து, போன்டிஃப்ராக்ட் மருத்துவமனையில் பயிற்சி முடித்து, 1974இல் டாட்மார்டன் என்ற சிறு ஊரில் குடும்ப மருத்துவராகச் சேர்ந்தான். அடுத்த வருடமே மாட்டிக்கொண்டான். நோயாளிகளின் பெயரில் பெத்திடின் என்ற வலிநிவாரணி ஊசிமருந்துக்குச் சீட்டு எழுதித் தனக்கே போட்டுக்கொண்டிருந்தான். 1976இல் நீதிமன்றம் 600 பவுண்டு அபராதம் போட்டது. டாக்டர்களைப் பதிவு செய்யும் பொது மருத்துவ மன்றம் ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டுவிட்டது. 1977இல் மான்செஸ்டரை ஒட்டிய ஹைட் ஊருக்கு வந்தான். முதலில் ஒரு கூட்டு க்ளினிக், 1992இல் அதை விட்டு விலகி மார்க்கெட் தெருவில் சொந்த க்ளினிக். சுமார் 3,100 நோயாளிகள்.

கொன்ற விதம் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான். பெரும்பாலும் பிற்பகல் நேரம். தனியாக வசிக்கும் வயதான பெண்ணின் வீடு. "சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன்" என்ற மாதிரி ஒரு வருகை. டயமார்ஃபின் (மார்ஃபின் வகையைச் சேர்ந்த கடும் வலிநிவாரணி) ஊசி. பிறகு சான்றிதழில் மாரடைப்பு, பக்கவாதம் அல்லது முதுமை என்று எழுதுவான். பிரேதப் பரிசோதனை தேவையில்லை என்று குடும்பத்தாரிடம் அவனே சொல்லிவிடுவான்.

1998 செப்டம்பர் 7 அன்று கைது. 2000 ஜனவரி 31 அன்று பிரெஸ்டன் நீதிமன்றத்தில் 15 கொலைகளுக்கும் ஒரு போலி உயிலுக்கும் தண்டனை. அதற்குப் பிறகு நீதிபதி ஜேனட் ஸ்மித் தலைமையில் நடந்த பொது விசாரணை, அவன் 215 பேரைக் கொன்றதாக 2002இல் அறிவித்தது. 171 பெண்கள், 44 ஆண்கள். இன்னும் 45 மரணங்களில் வலுவான சந்தேகம். 2004 ஜனவரி 13 அன்று, 58வது பிறந்தநாளுக்கு முந்தைய நாள், வேக்ஃபீல்டு சிறையில் தற்கொலை செய்துகொண்டான். கடைசிவரை ஒரு கொலையைக்கூட ஒப்புக்கொள்ளவில்லை.

அவன் மனதுக்குள் என்ன இருந்தது என்பதில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. ஒரு ஊரில் இத்தனை பேர் சாகும்போது, சாவைப் பதிவு செய்ய டாக்டர், பதிவாளர், கரோனர் (சந்தேக மரணங்களை விசாரிக்கும் அதிகாரி), எரியூட்டும் படிவத்தில் கையெழுத்துப் போடும் இரண்டாவது டாக்டர், சுடுகாட்டு மருத்துவ அதிகாரி என்று இவ்வளவு பேர் இருந்தும் எப்படித் தப்பித்தான்? இதைப் பேசலாம் வாருங்கள்.

கடலோரக்காரன்

நல்ல இழை. ஆனால் "மனதுக்குள் என்ன இருந்தது" என்பதை அப்படி ஒதுக்கிவிட முடியாது நண்பரே. அவனுக்கு 17 வயதாக இருக்கும்போது, 1963இல், அம்மா நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். குடும்ப டாக்டர் வீட்டுக்கு வந்து மார்ஃபின் ஊசி போடுவார், வலி அடங்கும், அம்மா அமைதியாகிவிடுவார். பையன் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறான். பிற்பாடு அவன் செய்ததும் அதே காட்சிதானே? வீடு, நாற்காலி, டாக்டர், ஊசி. இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

பொன்வண்டு

கடலோரக்காரன், அந்த ஒற்றுமை எல்லோருக்கும் கண்ணில் படும். ஆனால் அம்மாவைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்து மருத்துவம் படிக்கப் போன பிள்ளைகள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் அந்த வலியாலேயே நல்ல டாக்டராகிறார்கள். ஜேனட் ஸ்மித் தன் முதல் அறிக்கையில் நோக்கத்தைப் பற்றி நிறைய யோசித்துப் பார்த்திருக்கிறார். பெத்திடினுக்கு அடிமையான அதே குணம் வேறு வடிவங்களிலும் வெளிப்பட்டிருக்கலாம், கொல்வதே அவனுக்குப் போதையாக ஆகியிருக்கலாம் என்பது வரைதான் போகிறார். ஷிப்மன் வாயே திறக்காததால் அதற்கு மேல் போக வழியில்லை. போலீஸ் விசாரணையின் வீடியோவில் நாற்காலியைத் திருப்பிப் போட்டு அதிகாரிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அந்த முதுகைப் பார்த்து நாம் எத்தனை உளவியல் எழுதினாலும் அது நம் கற்பனைதான்.

தீப்பொறி

எனக்கு இந்தப் போக்கே பிடிக்கவில்லை. ஒருத்தன் திட்டம் போட்டு 200க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றிருக்கிறான், நீங்கள் "அமைப்பு", "சான்றிதழ்" என்று பேசுகிறீர்கள். குற்றம் அவனுடையது. முழுக்க அவனுடையது. பதிவாளரும் இரண்டாவது டாக்டரும் யாரையும் கொல்லவில்லை. பழியைப் பத்துப் பேருக்குப் பிரித்துக் கொடுத்தால் அவன் பங்கு குறைந்துவிடும்.

அப்புறம், நோக்கம் இல்லை என்று யார் சொன்னது? பணம்தானே? உயிலைத் திருத்தினானே?

பொன்வண்டு

தீப்பொறி, உங்கள் கோபம் நியாயமானது. அவன் பங்கில் ஒரு துளிகூடக் குறையாது. கொலை அவனுடையது. ஆனால் 1998 மார்ச்சில் ஒருவர் எச்சரித்தபோது சரியாக விசாரித்திருந்தால் மூன்று பேர் உயிரோடு இருந்திருப்பார்கள். அதைப் பேசாமல் இருப்பது அந்த மூன்று பேருக்குச் செய்கிற துரோகம். அந்தக் கதைக்கு வருகிறேன், முதலில் உயிலை முடித்துவிடுகிறேன்.

பணம் என்பது கடைசிக் கொலையில் மட்டும்தான் தெளிவாக வருகிறது. கேத்லீன் கிரண்டி, 81 வயது. வயதானவர்களுக்கு மதிய உணவு பரிமாறப் போகிற, அந்த வயதிலும் துறுதுறுவென்று இருந்த பெண்மணி. 1998 ஜூன் 24 அன்று அந்த உணவுக்கூடத்துக்கு வரவில்லை. தேடிப்போன நண்பர்கள், வெளியே போகிற உடையிலேயே சோபாவில் இறந்து கிடந்தவரைப் பார்த்தார்கள். அன்று காலையில்தான் ஷிப்மன் வந்திருந்தான், முதுமை பற்றிய ஏதோ ஆய்வுக்கு ரத்தம் எடுக்க வேண்டும் என்று சொல்லி. சான்றிதழில் காரணம் "முதுமை".

இப்போது உயில். சில வாரங்களுக்கு முன், கிரண்டி அவன் க்ளினிக்குக்கு வந்திருந்தபோது, காத்திருந்த இரண்டு நோயாளிகளை உள்ளே கூப்பிட்டான். மடித்து வைத்த ஒரு தாள். மேல் பகுதி தெரியாது, கையெழுத்துப் போடும் இடம் மட்டும் வெளியே. "இந்த அம்மாவின் கையெழுத்துக்குச் சாட்சி போடுங்கள்" என்றான், போட்டார்கள். டாக்டர் கேட்கிறார், யார் மறுப்பார்கள்? பிற்பாடு உயிலில் இருந்த அவர்களுடைய கையெழுத்தே அவர்கள் போட்டது இல்லை, பார்த்து எழுதிய போலி என்று தெரியவந்தது. அதாவது அந்த இரண்டு பேரையும் கூப்பிட்டது கையெழுத்தின் மாதிரிக்காகத்தான்.

சுமார் 3,86,000 பவுண்டு மதிப்புள்ள மொத்தச் சொத்தும் டாக்டருக்கு என்று பழைய தட்டச்சுப் பொறியில் அடித்த உயில். கிரண்டியின் மகள் வழக்கறிஞர். அம்மாவின் சட்ட விவகாரங்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவரே அவர்தான், 1986இல் எழுதிய உண்மையான உயில் அவர் அலுவலகத்தில் இருந்தது. அம்மா இவ்வளவு அலங்கோலமான ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருக்கவே மாட்டார் என்று ஒரே பார்வையில் அவருக்குத் தெரிந்துவிட்டது. சாட்சிகளைத் தானே தேடிப்போய்ப் பேசிவிட்டுத்தான் போலீசுக்குப் போனார். ஆகஸ்ட் 1 அன்று உடலைத் தோண்டி எடுத்தார்கள். தசையில் மார்ஃபின். தட்டச்சுப் பொறி ஷிப்மனிடம் இருந்தது. உயிலில் அவன் கைரேகை.

நிலைக்கண்ணாடி

எனக்கு இங்கேதான் புரியாத ஒன்று இருக்கிறது. இத்தனை வருடம் அவ்வளவு கவனமாக இருந்தவன், இப்படி யாரும் நம்பாத ஒரு உயிலை ஏன் அடித்தான்? பிடிபட வேண்டும் என்றே செய்தானோ?

தேனீ

அப்படி நிறைய பேர் எழுதுகிறார்கள், நான் நம்பவில்லை. அவன் கவனமாக இருந்தான் என்பதே தவறான எண்ணம். கவனமாக இருக்கத் தேவையே இல்லாத இடத்தில் இருந்தான். கொலை செய்கிறவனும் மரணத்துக்குக் காரணம் எழுதிக் கொடுக்கிறவனும் ஒரே ஆள். அவன் எழுதியதை யாரும் திருப்பிக் கேட்டதில்லை. ஒரு டாக்டர் சொன்னால் அது செல்லும் என்பது அவ்வளவு காலத்தில் அவனுக்கு ஊறிப்போயிருந்தது. உயிலும் அப்படியே செல்லும் என்று நினைத்திருப்பான்.

கணினிப் பதிவுகளைப் பாருங்கள். 1998 மே 11 அன்று 73 வயதுப் பெண் ஒருவரைக் கொன்றுவிட்டு க்ளினிக்குக்குத் திரும்பி, அவருக்குப் பல மாதங்களாக நெஞ்சுவலி இருந்ததாகப் பழைய தேதிகள் போட்டுப் பதிவுகளைச் சேர்த்தான். ஆனால் எந்தப் பதிவு எந்த நொடியில் உண்மையாக உள்ளிடப்பட்டது என்பதை அந்த மென்பொருள் தனியாகக் குறித்து வைத்துக்கொண்டே இருந்தது. அது அவனுக்குத் தெரியாது. நீதிமன்றத்தில் அந்த நேரக்குறிப்புகளைக் காட்டியபோது சொல்ல அவனிடம் பதிலே இல்லை.

இன்னொன்று, ஆம்புலன்சுக்கு போன் செய்வது போல் நடிப்பான். பிறகு உயிர் போய்விட்டது, வேண்டாம் என்று ரத்து செய்வது போல் இன்னொரு நடிப்பு. வீட்டு ஆட்கள் பக்கத்திலேயே நின்று கேட்டிருக்கிறார்கள். தொலைபேசி நிறுவனத்தின் பதிவில் அப்படி ஒரு அழைப்பே இல்லை. இதெல்லாம் மூளைக்காரனின் திட்டமா? யாரும் சரிபார்க்க மாட்டார்கள் என்ற நிச்சயம்தான்.

இரவுப்பணி

வணக்கம், இங்கே அதிகம் எழுதியதில்லை. நான் இங்கிலாந்தில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். மருந்து எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லையே, அதைச் சொல்கிறேன்.

வார்டில் டயமார்ஃபின், மார்ஃபின் எல்லாம் பூட்டிய அலமாரிக்குள் பூட்டிய இன்னொரு பெட்டியில் இருக்கும். ஒரு ஆம்பூல் (ஊசிமருந்துக் குப்பி) எடுக்க இரண்டு பேர் வேண்டும். எடுத்தது, மிச்சம், வீணாக்கியது எல்லாம் ஏட்டில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவோம். கணக்கில் ஒரு ஆம்பூல் இடித்தால் வீட்டுக்குப் போக முடியாது. நர்ஸ்களுக்கு அது ரத்தத்தில் ஊறிய பழக்கம்.

குடும்ப மருத்துவருக்கு அப்படி இல்லை. ஷிப்மன் 1976 தண்டனைக்குப் பிறகு "நான் அபாய மருந்துகளை வைத்துக்கொள்வதே இல்லை" என்று சொல்லிவிட்டான். வைத்துக்கொள்ளவில்லை என்றால் ஏடும் தேவையில்லை, ஆய்வுக்கு யாரும் வரப்போவதும் இல்லை. புற்றுநோயில் இறந்துகொண்டிருக்கும் நோயாளிகளின் பெயரில் சீட்டு எழுதித் தானே போய் வாங்கிவருவான். நோயாளி இறந்ததும் வீட்டில் மிஞ்சியதை "நான் அழித்துவிடுகிறேன்" என்று எடுத்துக்கொண்டு போவான். துக்கத்தில் இருக்கும் குடும்பம் அதை ஒரு உதவி என்றுதான் நினைக்கும். 1993இல் வலியே இல்லாத நோயாளிகளின் பெயரில்கூட 30 மில்லிகிராம் ஆம்பூல் ஒவ்வொன்றாக வாங்கியிருக்கிறான். மருந்துக் கடை அவன் க்ளினிக்குக்குப் பக்கத்திலேயே. தினமும் பார்த்துப் பேசுகிற டாக்டர், மதிப்புள்ள மனிதர், எப்படிச் சந்தேகப்படுவார்கள்?

முன்பே பெத்திடின் விஷயத்தில் தண்டனை பெற்றவன் என்பது அந்தக் கடைக்காரருக்குத் தெரிய வழியே இல்லை. இதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

தீப்பொறி

இரவுப்பணி அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு ஒன்று கேட்கிறேன். சரி, சான்றிதழை அவனே எழுதுகிறான், மருந்தும் அவனே வாங்குகிறான். ஆனால் எரியூட்ட இரண்டாவது டாக்டர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்று முதல் பதிவிலேயே இருக்கிறதே. அவர் என்ன செய்துகொண்டிருந்தார்?

இரவுப்பணி

அப்போதைய சட்டப்படி அவர் தனியாக விசாரித்து, உடலைப் பார்த்து, எல்லாம் சரி என்று எழுத வேண்டியிருந்தது. நடைமுறையில் முதல் டாக்டருக்கு ஒரு போன் போட்டு "என்ன ஆச்சு?" என்று கேட்பார். அவர் சொன்னதை எழுதுவார். உடலை ஒரு பார்வை பார்ப்பார். குடும்பத்தாரிடமோ கூட இருந்தவர்களிடமோ பேச வேண்டிய கட்டாயம் இருக்கவில்லை. படிவத்துக்குக் கட்டணமும் இருந்தது. பிறகு சுடுகாட்டு மருத்துவ அதிகாரி அந்த இரண்டு தாள்களையும் படித்து அனுமதி கொடுப்பார், அவரும் தாளைத்தான் பார்த்தார். ஆக, மூன்று பேர் பார்த்ததாகக் கணக்கு. உண்மையில் மூன்று பேரும் ஷிப்மன் சொன்ன ஒரே கதையைத்தான் படித்தார்கள்.

பொன்வண்டு

இப்போது 1998 மார்ச்சுக்கு வருகிறேன். எனக்கு இந்த வழக்கில் முக்கியமான ஆட்கள் இவர்கள்தான்.

ஹைட்டில் ஒரு குடும்பம் ஈமச்சடங்கு நிறுவனம் நடத்தியது. ஷிப்மனின் நோயாளிகளின் வீடுகளுக்குப் போகும்போதெல்லாம் ஒரே காட்சி. படுக்கையில் நோயில் கிடந்து இறந்தவர் மாதிரி இல்லை. நாற்காலியிலோ சோபாவிலோ, நல்ல உடையில், தலைசீவி, சட்டைக் கை கொஞ்சம் மேலே ஏறியபடி. நோய்க்கான அடையாளம் எதுவும் சுற்றிலும் இருக்காது. வீட்டில் இறக்கிற வயதானவர்களைத் தினமும் பார்க்கிறவர்களுக்கு இது உறுத்தியது. அந்த வீட்டின் மூத்தவர் நேரே ஷிப்மனிடம் போய்க் கேட்டேவிட்டார். அவன் அமைதியாக, என் பதிவேடுகளை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், கவலைப்பட ஒன்றுமில்லை என்றான். ஆனாலும் அவருடைய மகளுக்கு மனம் ஆறவில்லை. எரியூட்டும் படிவத்துக்காக உடலைப் பார்க்க வந்த, தெருவுக்கு எதிர்ப்புற க்ளினிக்கின் டாக்டர் ஒருவரிடம் சொன்னார். அங்கேதான் லிண்டா ரெனால்ட்ஸ் வேலை பார்த்தார்.

ரெனால்ட்ஸ் அந்த ஊருக்குப் புதியவர். ஷிப்மனின் படிவங்களில் இரண்டாவது கையெழுத்துப் போட்டுவந்ததே அவர்கள் க்ளினிக்தான். தங்கள் க்ளினிக்கில் நோயாளிகள் பல மடங்கு அதிகம், ஆனால் மரணம் அவனிடம்தான் அதிகம். இறந்தவர்கள் எல்லாம் வயதான பெண்கள், வீட்டில், அவன் வந்துபோன கொஞ்ச நேரத்தில். 1998 மார்ச் 24 அன்று கரோனர் ஜான் போலார்டிடம் சொன்னார். அவன் கொல்கிறான் என்றே தான் பயப்படுவதாகச் சொன்னார். ஒரு டாக்டர் இன்னொரு டாக்டரைப் பற்றி அப்படிச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். அவர் நினைத்தது பொய்யாக இருந்திருந்தால் அந்த ஊரில் அவர் தொழிலே முடிந்திருக்கும்.

போலீஸ் ஒரு ரகசிய விசாரணை நடத்தியது. ஷிப்மனுக்குப் பழைய குற்றப் பதிவு இருக்கிறதா என்று பார்க்கவில்லை. பொது மருத்துவ மன்றத்தைக் கேட்கவில்லை. குடும்பத்தார் யாரிடமும் பேசவில்லை. ரெனால்ட்ஸ் புகார் சொன்ன நாளில் ஷிப்மனின் இரண்டு நோயாளிகளின் உடல்கள் இன்னும் எரியூட்டப்படாமல் இருந்தன, பிரேதப் பரிசோதனை செய்திருக்கலாம். செய்யவில்லை. ஏப்ரல் 17 அன்று ஆதாரம் இல்லை என்று விசாரணையை மூடிவிட்டார்கள். மே 11, ஜூன் 12, ஜூன் 24. அந்த மூன்று பேர்.

இன்னும் சிலர் இருந்தார்கள். வயதான பெண்களைக் கடைக்கும் மருத்துவமனைக்கும் கூட்டிப்போகும் ஒரு டாக்சி ஓட்டுநர், தன் வாடிக்கையாளர்கள் ஒருவர் பின் ஒருவராக இறப்பதைப் பார்த்துத் தனியாக ஒரு பட்டியலே எழுதி வைத்திருந்தார். எல்லோரும் ஒரே டாக்டரின் நோயாளிகள். யாரிடம் போய்ச் சொல்வது, யார் நம்புவார்கள் என்று பயந்து வருடக்கணக்கில் உள்ளுக்குள்ளேயே வைத்திருந்தார். ஷிப்மன் ஊரே கொண்டாடிய டாக்டர். அவனிடம் சேர மக்கள் காத்திருந்தார்கள். அவன் க்ளினிக்குக்குக் கருவிகள் வாங்க நோயாளிகளே நிதி திரட்டினார்கள். அவனைப் பற்றி ஒரு டாக்சி ஓட்டுநர் சொன்னால்?

ஜேனட் ஸ்மித்தின் அறிக்கையில் இவர்கள் எல்லோருடைய சாட்சியமும் இருக்கிறது. பார்த்தவர்கள் உடல்களைச் சுமந்தவர்களும் வண்டி ஓட்டியவர்களும்தான். கையெழுத்துப் போடும் அதிகாரம் இருந்தவர்கள் கண்ணில் படவில்லை.

எண்கணியன்

புள்ளியியல் பக்கத்திலிருந்து கொஞ்சம் சேர்க்கிறேன். லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் பேக்கர் 2001இல் ஷிப்மனின் மரணச் சான்றிதழ்களை அதே பகுதியின் மற்ற டாக்டர்களுடையவற்றோடு ஒப்பிட்டு ஒரு தணிக்கை அறிக்கை வெளியிட்டார். அதில் ஒரு வரைபடம் இருக்கிறது, நாளின் எந்த மணியில் நோயாளிகள் இறந்தார்கள் என்று. மற்ற டாக்டர்களின் கோடு இரவு பகல் முழுக்க ஏறக்குறைய சமமாகப் போகிறது, மனிதன் சாவதற்கு நேரம் பார்ப்பதில்லை அல்லவா. ஷிப்மனின் கோடு மதியத்துக்கு மேல், இரண்டு மணியை ஒட்டி, செங்குத்தாக ஏறி இறங்குகிறது. அவன் வீடுவீடாகப் போகும் நேரம் அது. எந்தக் கணக்கும் தெரியாதவர்கூட அந்தப் படத்தைப் பார்த்தால் எழுந்து நின்றுவிடுவார்.

புள்ளியியலாளர் டேவிட் ஸ்பீகல்ஹால்ட்டர் போன்றவர்கள் கேட்ட கேள்வி, இதை முன்கூட்டியே கண்டுபிடித்திருக்க முடியுமா என்பது. இரண்டாம் உலகப்போர் காலத்தில் ஆயுதத் தொழிற்சாலைத் தரப் பரிசோதனைக்காக உருவான ஒரு முறை உண்டு. ஒவ்வொரு புதிய தகவல் வரும்போதும் "இது இயல்பா, இல்லையா" என்று கூட்டிக்கொண்டே போகும். அதை ஷிப்மனின் நோயாளிகள் மரணத்துக்குப் போட்டுப் பார்த்தால் 1980களின் நடுவிலேயே எச்சரிக்கை மணி அடித்திருக்கும்.

அப்போது டாக்டர்வாரியாக மரணக் கணக்கு எடுக்கும் வழக்கமே இல்லை. ஒவ்வொரு சான்றிதழும் பதிவாளரிடம் போய்ச் சேர்ந்தது. இந்த டாக்டர் மொத்தம் எத்தனை எழுதினார் என்று கூட்டிப் பார்க்க யாருக்கும் வேலை கொடுக்கப்படவில்லை.

தேனீ

அப்படியென்றால் கணினியில் ஏற்றி ஒரு எல்லை வைத்துவிட்டால் போதுமே. மரணம் எல்லை தாண்டினால் போலீஸ்.

எண்கணியன்

அங்கேதான் சிக்கல். இதே முறையை மற்ற குடும்ப மருத்துவர்கள் மீது போட்டுப் பார்த்தார்கள். ஷிப்மனைப் போலவே எல்லை தாண்டிய வேறு டாக்டர்களும் வந்தார்கள். போய்ப் பார்த்தால், அதில் ஒருவர் வயதானவர்கள் நிறைய வாழும் பகுதியில் வேலை பார்க்கிறவர். கடைசி நாட்களை வீட்டிலேயே கழிக்க வேண்டும் என்று ஆசைப்பட்ட நோயாளிகளை அப்படியே வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவர். அதனால் அவர் எழுதிய மரணச் சான்றிதழ்கள் அதிகம். கொலைகாரன் இல்லை, மிக நல்ல டாக்டர். எண்ணை மட்டும் வைத்து போலீசை அனுப்பினால் முதலில் மாட்டுவது இவர் மாதிரி ஆட்கள்தான். எண் "இங்கே போய்ப் பார்" என்று சொல்லும், அவ்வளவுதான். போய்ப் பார்க்க ஆள் வேண்டும், அந்த ஆள் குடும்பத்தாரிடம் பேச வேண்டும்.

வேப்பம்பூ

எல்லாவற்றையும் படித்துக்கொண்டு வந்தேன். வேறு ஒரு பக்கத்தைச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. என் அம்மா புற்றுநோயில் கடைசி மாதங்களில் இருந்தபோது டாக்டர் மார்ஃபின் ஆரம்பிக்கலாம் என்றார். எங்கள் வீட்டில் ஒருவருக்கு ஷிப்மன் கதை தெரியும். "அது ஆளை முடித்துவிடும் மருந்து" என்று விடாப்பிடியாக நின்றார். அந்த வாக்குவாதத்தில் அம்மா வலியோடு கிடந்த நாட்களை நான் மறக்கவே மாட்டேன். பிறகு ஆரம்பித்தார்கள். அம்மா எங்களோடு பேசினார், சாப்பிட்டார், தூங்கினார். அந்த மருந்துதான் அம்மாவை எங்களுக்குக் கொஞ்ச நாள் திருப்பிக் கொடுத்தது.

ஷிப்மனைப் பற்றி எழுதும் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். மருந்தைப் பேய் போல் எழுதாதீர்கள்.

இரவுப்பணி

வேப்பம்பூ, உங்கள் அம்மாவுக்கு என் அஞ்சலி. நீங்கள் சொன்னதை எங்கள் வேலையில் அடிக்கடி பார்க்கிறோம். ஷிப்மனுக்குப் பிறகு பையில் டயமார்ஃபின் எடுத்துக்கொண்டு போகவே பயந்த குடும்ப மருத்துவர்கள் உண்டு. ராத்திரி இரண்டு மணிக்கு வலியில் துடிக்கும் நோயாளிக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்று பக்கத்தில் நிற்கிறவர்களுக்குத்தான் தெரியும். அவன் கொன்றவர்களின் கணக்கில் இது வராது.

எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள்: வலிக்கு ஏற்றபடி, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, கவனித்துக் கொடுக்கும் மார்ஃபின் ஆளைக் கொல்வதில்லை. ஷிப்மன் கொடுத்தது வலியே இல்லாதவர்களுக்கு, உடல் பழகாத அளவில், ஒரே ஊசியில், கொல்வதற்காகவே.

கடலோரக்காரன்

எண்ணிக்கையில் ஒரு குழப்பம் இருக்கிறது. 15 என்கிறார்கள், 215 என்கிறார்கள், 250 என்கிறார்கள். எது சரி?

பொன்வண்டு

மூன்றும் சரிதான், மூன்றும் வேறு வேறு கணக்கு. 15 என்பது நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட்டவை. அதில் ஒன்பது பேர் புதைக்கப்பட்டவர்கள், தோண்டி எடுத்து மார்ஃபினைக் கண்டுபிடிக்க முடிந்தது. மீதி ஆறு பேர் எரியூட்டப்பட்டவர்கள், அங்கே கணினிப் பதிவும் தொலைபேசிப் பதிவும் சாட்சிகளும்தான் பேசின. 215 என்பது பொது விசாரணையின் முதல் அறிக்கை, ஒவ்வொரு மரணத்தையும் தனித்தனியாக எடுத்து எழுதிய முடிவு. 2005 ஜனவரியில் வந்த ஆறாவது அறிக்கை, போன்டிஃப்ராக்டில் பயிற்சி டாக்டராக இருந்த காலத்திலேயே கொல்லத் தொடங்கிவிட்டான் என்று சொன்னது. அதையும் சந்தேக மரணங்களையும் சேர்த்த மொத்த மதிப்பீடுதான் சுமார் 250.

இறந்தவர்களில் மிக மூத்தவருக்கு 93 வயது. மிக இளையவருக்கு 41. முதல் அறிக்கையில் ஒவ்வொருவருக்கும் தனித் தீர்ப்பு இருக்கிறது. அன்று யார் கடைசியாகப் பார்த்தார்கள், தேநீர்க் கோப்பை எங்கே இருந்தது, மதியம் எங்கே போவதாக இருந்தார் என்பது வரை. "இயற்கை மரணம்" என்று ஒரே வரியில் மூடிவைத்த வாழ்க்கைகளை ஒருவர் உட்கார்ந்து மறுபடி ஒவ்வொன்றாக எழுதியிருக்கிறார். ஷிப்மனைப் பற்றிப் படிக்க விரும்புகிறவர்கள் அவனுடைய வாழ்க்கை வரலாறுகளை விட்டுவிட்டு அதைப் படியுங்கள்.

தீப்பொறி

சரி, ஒப்புக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்கிறேன். இன்று ஒரு ஷிப்மன் வந்தால் என்ன நடக்கும்? ஏதாவது மாறியிருக்கிறதா?

இரவுப்பணி

மாறியிருக்கிறது, ஆனால் மிகத் தாமதமாக. அபாய மருந்துகளுக்குப் பொறுப்பான ஒரு அதிகாரி ஒவ்வொரு நிறுவனத்திலும் இருக்க வேண்டும் என்று 2006 சட்டத்துக்குப் பிறகு வந்தது. யார் எவ்வளவு எழுதுகிறார்கள் என்று இப்போது ஒரு இடத்தில் சேர்த்துப் பார்க்கிறார்கள். டாக்டர்கள் தங்கள் தகுதியைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை நிரூபிக்க வேண்டும் என்பது 2012 டிசம்பரில் தொடங்கியது.

பெரிய மாற்றம் மரணச் சான்றிதழில்தான். சிகிச்சை கொடுத்த டாக்டர் எழுதியதை, அவரோடு சம்பந்தமில்லாத ஒரு மருத்துவப் பரிசோதகர் பார்க்க வேண்டும் என்று ஜேனட் ஸ்மித் விசாரணைக்குப் பிறகு பேச்சு வந்தது, 2009இல் சட்டத்தில் எழுதினார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கரோனர் விசாரிக்காத எல்லா மரணங்களுக்கும் அது கட்டாயமானது 2024 செப்டம்பர் 9 அன்றுதான். ஷிப்மன் கைதாகி 26 வருடம் கழித்து.

தீப்பொறி

26 வருடமா! அந்தப் பரிசோதகரும் தாளை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்?

இரவுப்பணி

அதைத் தடுக்கத்தான் இதில் ஒரு விஷயம் இருக்கிறது. மருத்துவப் பரிசோதகரின் அலுவலகம் நோயாளியின் பதிவுகளைப் பார்த்த பிறகு, இறந்தவரின் குடும்பத்துக்குப் போன் செய்யும். சான்றிதழில் எழுதியிருக்கும் காரணம் என்ன என்று விளக்கிச் சொல்லும். அப்புறம் கேட்கும்: அவருக்குக் கிடைத்த சிகிச்சையில் உங்களுக்கு ஏதாவது உறுத்தலாக இருந்ததா?

ஹைட்டில் அந்தக் கேள்வியை ஒரு முறைகூட யாரும் கேட்கவில்லை. என் வார்டில் யாராவது இறந்தால், வரும் குடும்பத்தாரிடம் நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இப்படி ஒரு போன் வரும், மனதில் இருப்பதைத் தயங்காமல் சொல்லுங்கள் என்று. பல பேர் "டாக்டரைப் பற்றி எப்படிம்மா சொல்வது" என்கிறார்கள். சொல்லலாம், அதற்காகத்தான் போன் செய்கிறார்கள் என்று மறுபடி சொல்வேன். இங்கே படிக்கிறவர்களில் இங்கிலாந்தில் அப்பா அம்மாவை வைத்திருப்பவர்கள் இருந்தால், நீங்களும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். போன் வரவில்லை என்றால் இறப்பு நேர்ந்த மருத்துவமனையிலோ குடும்ப மருத்துவரிடமோ பரிசோதகர் அலுவலகத்தின் எண்ணைக் கேட்டு வாங்கி நீங்களே பேசலாம்.